கெட்டிலில் எள்ளளவு

அன்பு மகளுக்கு,

இங்கே மூவரும் சுகம். உன் சுகத்தைக் கேட்டுத்தான் எப்போதும் தொடங்குவேன், இந்த முறை கேட்கவில்லை, பார்த்துவிட்டேன். நீ அனுப்பிய படம் வந்தது. உன் சமையலறை மேடை, கறுப்பு மையில், கோடு கோடாக, குழாயடியில் தேங்கிய ஈரம்கூட விடாமல். வாரம் முழுக்க அலுவலகத்துக்குக் கண்ணைக் கொடுக்கிறாய், மிச்சமிருக்கும் ஞாயிற்றுக்கிழமையைப் பேனா முனைக்குக் கொடுக்கிறாய். அந்தக் கைப்பிடித் துணி ஒன்றுக்கே எத்தனை ஞாயிறு போயிற்றோ. போட்டோ எடுத்தால் ஒரு நொடி வேலை என்றாள் சின்னவள். போட்டோ எடுக்கிறவள் பார்க்கவே வேண்டாம், இவள் பார்த்தால்தான் கோடே வரும் என்றார் அப்பா. தன் கடிகாரக் கடையிலிருந்து, கண்ணில் இடுக்கிக்கொள்ளும் அந்தப் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தார். பழுதான கடிகாரத்துக்குள் தேடுவதுபோல் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பெருமையாகத்தான் ஆரம்பித்தார். கெட்டிலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

கெட்டிலின் பளபளப்பில் எள்ளளவு நீ. குனிந்து வரைந்துகொண்டிருக்கிறாய். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தாயோ, கண்ணில் பட்டதை விட்டுவிட உன் கைக்கு மனம் வரவில்லையோ.

"கழுத்தெலும்பு தெரியுது பாரு" என்றார்.

கெட்டில் எல்லாரையும் ஒல்லியாகத்தான் காட்டும் என்று சின்னவள் சமாதானம் சொன்னாள்.

"கெட்டில் உங்கக்காவ இளைக்க வைக்கும் சரி. இன்னொரு தம்ளரை எங்க ஒளிச்சு வைக்கும்?" என்றார் அப்பா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன படத்தில் அதே தட்டில் இரண்டு தம்ளர், ஒன்று உன் அறைத்தோழியுடையது, விளிம்பு நசுங்கியது. இப்போது உன்னுடையது மட்டும். ஆணியில் அவள் பையும் இல்லை. போன வாரம் போனில் அவளைக் கேட்டதற்கு, குளிக்கிறாள் என்றாயே. போனில் உனக்குப் பொய் வரும், பேனாவில் வராது. மயில் வரையச் சொன்ன டீச்சரிடம் நான் பார்த்ததில்லை என்று சொல்லி, அவர் செருப்பை அச்சு அசலாக வரைந்து வாங்கிக் கட்டிக்கொண்டவள் நீ. அவள் ஏன் போனாள் என்று நான் கேட்கவில்லை. நீ தனியாக இருப்பதைத் தனியாகவே வைத்திருந்தாயே, அதுதான் ஆறவில்லை. இங்கே உன் நாற்காலியில் சின்னவள் துணியைக் குவிக்கிறாள், நான் எடுக்கிறேன், மறுபடி குவிக்கிறாள். காலியாகக் கிடந்தால் பார்க்க முடியவில்லையாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. நடுநடுவே நிமிர்ந்து உட்கார். அடுத்த படத்தில் இரண்டு தம்ளர் இருக்கட்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வேண்டாம், எனக்காக இல்லாததை வரைந்துவிடாதே. என் தம்ளரைத் துணியில் சுற்றி எடுத்து வைத்திருக்கிறேன். அப்பா டிக்கெட் விசாரித்துவிட்டார். வா என்று ஒரு வார்த்தை எழுது, வந்து உன்னுடையதன் பக்கத்தில் வைக்கிறேன். அப்புறம் பார்த்து வரை.

உன் கண்ணும் கையும் நீயும் நன்றாக இருக்க வேண்டும். பேனா முனையில் மை காய விடாதே.

உன் வார்த்தைக்குக் காத்திருக்கும்
அம்மா