ரப்பர் பட்டை கிழியவில்லை

ஏப்ரல் 9, 1945

ஆபீஸ் காலண்டரில் இது 2605-ஆம் வருஷம். ஜப்பான்காரன் வந்து நம்மை அறுநூற்று அறுபது வருஷம் முன்னுக்குத் தள்ளிவிட்டான். அரிசி மட்டும் பின்தங்கிவிட்டது. மத்தியானமும் மரவள்ளிக்கிழங்கு.

இன்றிலிருந்து நான் பாறை நிபுணன். கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணிக்கு இதென்ன பதவி? ஒரு காலத்தில் அலோர் ஸ்டாரில் சர்வேக்காரர்களுக்கு எட்டு மாதம் அளவுச் சங்கிலி பிடித்தேன். நிப்பொங்கோ என்கிற ஜப்பான் பாஷை வகுப்பில் முதலாவதாகத் தேறினேன். கண்ணாடித் துரைக்கு அது போதும். தோட்டத்தை ஆளும் ஜப்பான் அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் அது. விமானக் குண்டுக்குப் பதுங்க மலையைக் குடையச் சொல்லியிருக்கிறார். சுரங்கத்தின் தலைக்கு மேலே பன்னிரண்டே அடி பாறை. அதன்மேல் ரப்பர் மரங்கள், இடுக்கெல்லாம் வேர். மறைவுக்கு வேண்டுமாம், வெட்டக்கூடாது.

ஏப்ரல் 12

சுரங்கத்தின் மேற்பாறையில் ஒரு விரிசல். குறுக்கே காகிதம் ஒட்டவேண்டும், பாறை நகர்ந்தால் கிழியும் என்று சர்வேக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒட்டினேன். ஈரத்தில் கூழாகிவிட்டது. வாங்க ஆளில்லாமல் ரப்பர்தான் கிடக்கிறதே! இரு நுனிக்கும் நடுவே நாலு அங்குலம் விட்டு, ஏழு ரப்பர் பட்டைகளை விரிசலுக்குக் குறுக்கே ஒட்டினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏப்ரல் 16

ஒன்றும் கிழியவில்லை என்று அறிக்கை கொடுத்தேன். துரை ஒரு சிகரெட் கொடுத்தார்.

மண் சுமக்கும் மருதம்மாள் பால்வெட்டும் கத்தியின் பிடியால் பாறையைத் தட்டிப் பார்த்தாள். "போன வாரம் கணீர்னுச்சுங்க ஐயா. இன்னிக்கு விரிஞ்ச பானையாட்டம் கேக்குது." உன் காதுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 20

மழை. பாறை வெட்டுகிற இருளப்பன், என் தங்கை புருஷன், ஆபீசுக்கே வந்துவிட்டான். "முட்டுக் கொடுக்கக் கட்டை கேளு மச்சான். பொடிக்கல்லு தலையில கொட்டுது." கேட்டேன். பட்டைதான் கிழியவில்லையே, கட்டை எதற்கு என்றார் துரை. என் அறிக்கையை என்னிடமே வாசித்துக் காட்டினார்.

ஏப்ரல் 24

மருதம்மாள் என்னை விரிசலடியில் நிறுத்தி, ஒரு நுனி விட்டுத் தொங்கிய பட்டையை இழுத்துக் காட்டினாள். "கித்தா எங்கயாச்சும் கிழியுமா ஐயா? இழுபடும்."

பன்னிரண்டு வருஷமாக அந்தக் கித்தாவைத்தான், ரப்பரைத்தான், நிறுக்கிறேன். பன்னிரண்டு வருஷம்! ஒட்டியிருந்த பட்டைகளை அளந்து பார்த்தேன். நாலு அங்குலம் ஐந்தேகால் ஆகியிருக்கிறது. இருளப்பனுக்கு ஏதாவது ஆனால் பிள்ளைத்தாய்ச்சித் தங்கை முகத்தில் எப்படி முழிப்பேன்?

ஏப்ரல் 25

துரையிடம் உண்மையைச் சொன்னேன். சாட்சிக்கு ஒரு பட்டையை உரித்துக்கொண்டு போனேன். அவர் அளந்தார். நாலு அங்குலம். உரித்ததும் சுருங்கிவிட்டது, சனியன்! "பாகேரோ!" முட்டாள் என்று திட்டி இரண்டு கன்னத்திலும் அறை.

29-ஆம் தேதி சக்கரவர்த்தி பிறந்தநாள். அன்று திறப்புவிழா. தோட்டமே, நூற்று நாற்பது பேரும் சுரங்கத்துக்குள் நின்று வணங்க வேண்டுமாம். வராதவன் சயாமுக்கு, போனவன் திரும்பாத ரயில்பாதை வேலைக்கு. இவர்களை உள்ளே அனுப்புவது என் சிகரெட் அறிக்கை.

ஏப்ரல் 27

கன்னம் வீங்கிய நிலையில் மறுபடி போனேன். பாறையைப் பற்றி மூச்சு விடவில்லை. "சூரியனைப் பார்த்தல்லவா குனியவேண்டும்? சூரிய வம்சத்துச் சக்கரவர்த்திக்கு இருட்டிலா வணக்கம்?" துரை திடுக்கிட்டார். வணக்கமும் பேச்சும் வெளியே, பிறகு உள்ளே அணிவகுப்பு என்று மாற்றிவிட்டார். அப்புறம்? அரைமணி கிடைத்தது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 29

மூன்று நாள் மழைக்குப் பிறகு வெயில். துரை பத்து நிமிஷம் பேசினார். தமிழில் சொல்லவேண்டியவன் நான். இழுத்தேன். சூரியனில் தொடங்கி மரவள்ளியின் மகிமைவரை போனேன். வாயில் எச்சில் வற்றியது. "இவ்வளவா சொன்னேன்?" என்றார் துரை. தமிழில் மரியாதைக்கு வார்த்தை அதிகம் என்றேன். ஒரு மணி நேரம்! முதல் வரிசையில் இருளப்பன். அழுதுவிடுவேனோ என்று பயந்தேன்.

துரை என் கையைப் பிடித்து நிறுத்தும் நேரத்தில் மலை உறுமியது. புழுதி அடங்கியபோது சுரங்க வாயைக் காணோம். கல்லுக்கு நடுவே ஒரு ரப்பர் மரம் சாய்ந்து நின்றது. உள்ளே யாருமில்லை.

எதிரி குண்டு போட்டான் என்று அறிக்கை எழுதச் சொன்னார். எழுதினேன். வானத்தில் இருந்தது ஒரே ஒரு கொக்குதான்.

அக்டோபர் 3

ஜப்பான்காரன் தோற்றுப் போனான், பழைய வெள்ளைக்காரத் துரை திரும்பிவிட்டார். கோலா கெத்தில் ஊருக்குப் போகிற பாதையில் மழைக்குச் சரிந்த பாறைக்குக் கீழே கூலிகளை இறக்கலாமா என்று கேட்டார். சுரங்கத்துக் கதை கேள்விப்பட்டிருக்கிறார், நான் நிபுணனாம்.

கொஞ்சம் பொறுங்கள், தட்டிப் பார்க்க மருதம்மாள் இன்னும் வரவில்லை என்றேன்.