பந்தி முடியட்டும் என்ற அப்பாவுக்கு

என் மேல் உயிரையே வைத்திருந்த, என் பேச்சை மட்டும் ஒருநாளும் கேட்காத அப்பாவுக்கு,

இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறவில்லை. நீங்கள் போய் அடுத்த ஆடியும் வந்துவிட்டது. செத்தவர்களிடம் கோபப்படக் கூடாது என்று அத்தை சொல்கிறாள். உயிரோடு இருந்தபோது கோபப்பட எங்கே நேரம் கொடுத்தீர்கள்? எப்போது வந்தாலும் கையில் ரச வாளியோடு நின்றீர்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு முக்கில் உங்களுக்கு பிளெக்ஸ் வைத்தார்கள், தெரியுமா? ‘கடைசி மூச்சு வரை உழைத்த உத்தமர்’ என்று கொட்டை எழுத்தில். உங்கள் படத்தைவிட, கும்பிட்டுக்கொண்டு நிற்கிற, பிளெக்ஸ் வைத்தவர்களின் படம் பெரிது. அந்த வழியாகப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மூச்சு ஏன் கடைசி மூச்சாயிற்று என்று ஒருத்தராவது கேட்டார்களா? கருமாதி முடிந்த கையோடு கழற்றச் சொல்லிவிட்டேன். அவர்களுக்கு வருத்தம்தான். இப்போது கொல்லையில் விறகு நனையாமல் அதைத்தான் போர்த்தி வைத்திருக்கிறேன். உங்கள் முகம் உள்பக்கமாக இருக்கும்படி போட்டேன், அந்த மட்டுக்கு மரியாதை உண்டு.

சோழபுரத்திலிருந்து வெறுங்கையோடு வந்து, கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் டீக்கடை போட்டு, அதையே சாப்பாட்டுக் கடையாக்கினீர்கள். ராஜபாளையம் வீட்டிலிருந்து விடிவதற்கு முன்னால் கிளம்பி முதல் பஸ். காய் வாங்குவது, இலை நறுக்குவது, ரசம் கூட்டுவது எல்லாம் நீங்களே. வாய்தாவுக்கு வருகிறவர்கள், ஆபீஸ் வேலையாக வருகிறவர்கள், ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டுப் பால்கோவா பொட்டலத்தோடு வருகிறவர்கள் என்று மத்தியானம் நிற்க இடமிருக்காது. உங்களுக்கு மட்டும் இலை கிடையாது. எல்லாம் ஓய்ந்த பிறகு அடுப்படியில் நின்றபடியே அடிச்சட்டிச் சோற்றில் மோரை ஊற்றிக் குடிப்பீர்கள். அதைச் சாப்பாடு என்று வேறு சொல்லிக்கொள்வீர்கள்.

உங்கள் கடையில் ஒரு சட்டம் இருந்தது. இலையில் உட்கார்ந்தவனை எழுப்பக் கூடாது. மழை ஒழுகட்டும், கரண்ட் போகட்டும், கோட்டையே இடிந்து விழட்டும், மோர் ஊற்றி முடிகிறவரை யாரும் எதுவும் சொல்லக் கூடாது. “பாதிச் சோத்துல எழுப்புன பாவம் ஏழு தலமொறைக்கும் விடாது” என்பீர்கள். என் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் பெண்ணைப் பெற்றவரைக் காணோம். பந்தியில் தேடிப் பிடித்து, “அத்தான், முகூர்த்தம் போயிரும், வாங்க” என்று மாமா கையைப் பிடித்து இழுத்தால், “இந்தா, இந்த வரிசைக்கு ரசம் விட்டுட்டு வாரேன்” என்றீர்களாம். ஆல்பத்தில் பாருங்கள், எல்லாரும் அட்சதை போடுகிறார்கள், நீங்கள் தோளில் ஈரத்துண்டோடு மூச்சு வாங்க நிற்கிறீர்கள். அப்போது சிரித்தேன். இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் கிழித்துப் போடலாம் போலிருக்கிறது.

அன்றைக்கு நடந்ததை நம் மாஸ்டர் சங்கரலிங்கம் அண்ணன்தான் சொன்னார். சொல்லும்போது அழுதார். கோர்ட்டு விட்ட நேரம், கடை நிறைந்திருந்தது. சாம்பார் முடிந்து ரசத்துக்கு எடுக்கும்போது உங்களுக்கு நெஞ்சைப் பிடித்திருக்கிறது. வேர்த்துக் கொட்டியிருக்கிறது. வாயு என்று சோடா வாங்கிக் குடித்திருக்கிறீர்கள். ஊருக்கே சாப்பாடு போடுகிற மனிதருக்கு உடம்பில் எது வந்தாலும் வாயு! அடுப்படிக்குப் பின்னால் அரிசி மூட்டைமேல் போய் உட்கார்ந்துகொண்டு, சத்தம் போடாதே என்று மாஸ்டருக்குச் சைகை காட்டியிருக்கிறீர்கள்.

“மொதலாளி, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம். ஆட்டோ வாசல்லயே நிக்கி.”

“ஏலே, அவிய நெலத்துக் கேசுக்கு அலைஞ்சு அலைஞ்சு வாராக. இங்க வந்துதான் செத்த நேரம் நிம்மதியா உக்காருதாக. பாதிச் சோத்துல பயங்காட்டி எழுப்பச் சொல்லுதியா? பந்தி முடியட்டும்.”

கூடவே பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவும் கெஞ்சியிருக்கிறாள். “ஏட்டி, சும்மா கெட. நீ போய் மோர ஊத்து” என்று அவளையும் விரட்டினீர்கள். அவள் அழுதுகொண்டே மோர் ஊற்றினாள் அப்பா. யாரும் பார்த்துவிடக் கூடாது என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து ஊற்றினாள். கடைசி ஆள் கைகழுவிப் போன பிறகு உங்களைத் தூக்கினார்கள். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டாராம். என்ன பதில் சொல்வது? ரசம் ஓடிக்கொண்டிருந்தது என்றா?

நான் ராஜபாளையத்தில் மில்லு ஆபீசிலிருந்து ஓடி வருவதற்குள் உங்கள் மேல் துணி போர்த்திவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் ஒரே பேச்சு. “என்ன சாவுங்கறீக! சோறு போட்ட கையோட போனாரு. குடுத்து வச்ச மனுசன்.” கொடுத்து வைத்தது யார் அப்பா? அம்மாவா? நானா? தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள்தானே?

சித்தப்பா கடையை பேக்கரிக்கு வாடகைக்கு விடலாம் என்றார். பொம்பளை எப்படிக் கல்லாவில் உட்காருவாள் என்று கேட்டார். அந்தக் கோபத்தில்தான் நான் மில்லு வேலையை விட்டேன். இப்போது முதல் பஸ்ஸில் நானும் அம்மாவும் வருகிறோம். ராத்திரி வீட்டில் உங்கள் மாப்பிள்ளை தோசை சுடப் பழகிவிட்டார், இந்தியா மேப் மாதிரிதான் வரும், ஆனாலும் சாப்பிடலாம். காசு போனிலேயே வருகிறது. மாஸ்டர் அப்படியேதான் இருக்கிறார், உப்பு பார்க்காமலே உப்புப் போடுகிறார்.

ரச வாளியை மட்டும் அம்மா யாரிடமும் கொடுக்கவில்லை. உங்களைப் போலவே நின்றுகொண்டு மோர்ச் சோறு குடித்தாள். உட்கார்ந்து சாப்பிடு என்றால், “அவிய உக்காந்தாகளா?” என்று என்னையே கேட்பாள். செத்தும் என் அம்மாவை நிற்க வைத்திருந்தீர்கள்.

இனிமேல்தான் சொல்ல வந்த விஷயமே.

போன மாதம் ஒரு வாய்தா நாள். கடை நிறைந்த கூட்டம். அம்மா ரசத்தோடு இரண்டாவது வரிசைக்குப் போனவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். இடது தோளைத் தேய்த்தாள். முகமெல்லாம் வேர்வை. நான் கல்லாவை விட்டு ஓடினேன்.

“என்னம்மா செய்யுது?”

“ஒண்ணுமில்லட்டி, வாயு. நீ கல்லாவப் பாரு. பந்தி முடியட்டும்.”

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு வந்தது பயமில்லை அப்பா, ஆத்திரம். உங்கள் மேல் வந்த ஆத்திரம். வாளியைப் பிடுங்கிக் கீழே வைத்தேன். நடுக்கடையில் நின்று கத்தினேன். “எல்லாரும் மன்னிக்கணும். எங்கம்மாவுக்கு முடியல. கடைய அடைக்கணும். எந்திரிங்க!”

மாஸ்டர் சாம்பார்க் கரண்டியோடு சிலையாகிவிட்டார். ஏழு தலைமுறைப் பாவமும் அந்த நிமிஷமே தலையில் இறங்கும், இலையை விசிறிவிட்டுத் திட்டிக்கொண்டு போவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். போகட்டும் என்று நின்றேன்.

வன்னியம்பட்டியிலிருந்து நிலத்துக் கேசுக்கு வருகிற பெரியவர் ஒருவர், அப்போதுதான் சோற்றைப் பிசைந்திருந்தார். முதலில் எழுந்தவர் அவர். “அட, இதுக்கு எதுக்குத் தாயி மன்னிப்பு? ஏலே, எவனாவது ஆட்டோவக் கூப்பிடுங்கலே!” கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல் ஒருவர் எச்சில் கையோடு அம்மாவைத் தாங்கிப் பிடித்தார், அவள் சேலையெல்லாம் சாம்பார். யாரோ அடுப்பை அணைத்தார்கள், யாரோ ஷட்டரை இறக்கினார்கள். ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. ஆட்டோவில் என் மடியில் படுத்துக்கொண்டு அம்மாதான் வழியெல்லாம் என்னைத் திட்டினாள். “இலையில இருந்தவுகள எழுப்பிட்டியேட்டி, பாவி.”

இருக்கிறாள் அப்பா. நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். மதுரைக்குக் கொண்டுபோய் அடைப்பை எடுத்தாயிற்று. வீட்டில் படுத்துக்கொண்டு மாப்பிள்ளையின் தோசையைக் குறை சொல்கிறாள்.

அடுத்த வாய்தாவுக்கு அந்த வன்னியம்பட்டிப் பெரியவர் வந்தார். அம்மாவை விசாரித்தார். நல்லா இருக்கிறாள் என்றேன். இலையில் உட்காராமல் கல்லாவுக்கு எதிரே வந்து நின்றார். பிறகு சொன்னார்.

“ஒங்கப்பா போன அன்னைக்கும் நான் இலையிலதான் இருந்தேன் தாயி. மோரு இன்னங் கொஞ்சம் ஊத்துங்கன்னு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிக் குடிச்சேன். உள்ள மனுசன் துடிக்காருன்னு தெரியாமப் போச்சே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா எந்திரிச்சிருப்போமே. நாங்க என்ன, மனுசங்க இல்லையா? எங்கள எதுக்கு இப்படிப் பாவியாக்கிட்டுப் போனாரு?”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பிடாமலே போய்விட்டார். அன்றையிலிருந்துதான் என் கோபம் கூடிப் போயிற்று. உங்கள் உயிரை நீங்கள் மதிக்கவில்லை, அது பழைய கோபம். காலமெல்லாம் கை நனைத்த மனிதர்களையும் நீங்கள் மதிக்கவில்லையே அப்பா! அவர்கள் பசியை அறிந்திருந்தீர்கள், மனசை அறியவில்லை. ஒரு கவளத்துக்காக உங்களைச் சாகவிடுகிறவர்கள் என்றா அவர்களை நினைத்தீர்கள்?

கடை நடக்கும். ரசம் உங்கள் பக்குவத்தில்தான் வரும். ஆனால் இனி முதல் இலை கடையில் வேலை செய்கிறவர்களுக்கு. அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் பந்தி. ஞாயிற்றுக்கிழமை பூட்டுதான். இந்தக் கூரைக்குக் கீழே யாருக்கு நெஞ்சு வலித்தாலும் ஊரையே இலையிலிருந்து எழுப்புவேன், இது உங்கள் மேல் சத்தியம். எழுந்திருப்பார்கள் அப்பா. நீங்கள்தான் கேட்டே பார்க்கவில்லை.

கோபம் தீராமல்,
உங்கள் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்
உங்கள் மூத்த மகள்