தலைப்பிரட்டைத் தொட்டிக்குப் பூட்டு

பெரியவனுக்கு அம்மா எழுதுவது.

நான் இருக்கிறேன். உன் நலத்தை இந்தக் கடிதத்தில் கேட்கப்போவதில்லை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துப் படி.

நீ கேட்டதை நான் செய்யவில்லை. செய்யவும் மாட்டேன். “ரெண்டு குடம் தண்ணிய மாத்தி ஊத்தும்மா, யாருக்குத் தெரியப்போகுது” என்றாயே, எந்த வாயால் கேட்டாய்? பெற்ற மகளின் படிப்பில் மண்ணள்ளிப் போட அம்மாவையா ஆள் பிடிப்பாய்?

பின்னறையில் உன் மகள் இரண்டு தொட்டி வைத்திருக்கிறாள். ஒன்றில் மழைத் தண்ணீர். இன்னொன்றில் உன் சாயப்பட்டறைக்குக் கீழே இருக்கும் குட்டைத் தண்ணீர். இரண்டிலும் ஒரே தவளை இட்ட முட்டையில் வந்த தலைப்பிரட்டைகள், ஒரே தீனி. மழைத் தண்ணீரில் இருப்பவை கால் முளைத்துக் குதிக்கின்றன. உன் தண்ணீரில் இருப்பவை தின்கின்றன, தின்கின்றன, தேறவே இல்லை. வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருக்கின்றனவாம். தின்றதைச் செரிக்க வைப்பதும் நோயை அண்டவிடாமல் பார்ப்பதும் அவைதானாம். சாயக்கழிவு பட்டதும் அவற்றில் நல்லவை செத்து, ஆகாதவை பெருகிவிடுகின்றன என்கிறாள். அவள் எழுதி முடித்தால் பட்டறைக்குச் சீல் விழும் என்று உனக்குப் பயம். கழிவைச் சுத்தம் செய்ய வக்கில்லை, தொட்டியைச் சுத்தம் செய்யச் சொல்கிறாய்.

நீ மாறவே இல்லை. பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டுக் கல்லைச் சின்னவன் கையில் திணித்தவன் நீ. அவன் அடி வாங்கும்போது கடலை கொறித்துக்கொண்டு நின்றாய். பச்சைக் கோடு போட்ட சட்டை. எனக்கு மறதி வந்துவிட்டது என்று யார் சொன்னது?

காது மந்தம் என்று போனைச் சத்தமாக வைத்திருந்தேன். நீ கேட்டது அவள் காதில் விழுந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் நீ வைத்துவிட்டாய். அன்றிலிருந்து அந்த அறைக்குப் பூட்டு. என் வீட்டில் எனக்கே பூட்டு. சாப்பிடக் கூப்பிட்டால், “நீங்க சாப்பிடுங்க பாட்டி” என்கிறாள். பிறந்ததிலிருந்து என்னை ‘நீ’ என்று கூப்பிட்ட பிள்ளை.

பட்டறை உன் பாடு. அவளைக் கூப்பிட்டு, பாட்டி முடியாது என்று சொல்லிவிட்டாள் என்று உன் வாயால் சொல். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். சொல்லாமல் என் வாசல் மிதிக்காதே.

நன்றாக இரு. பட்டறைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதே.

அம்மா