ஒரு நூல் வலப்பக்கம்

பிப்ரவரி 26

அன்புள்ள மகனுக்கு,

நேற்று இரவு ஒன்பதரைக்கெல்லாம் வீடு வந்துவிட்டேன். பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது. முழங்கால் சொன்னபடி கேட்டது. அம்மாவின் இருமல் குறைந்திருக்கிறது. நல்ல செய்திகளை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மீதிக் கடிதத்தில் அவற்றுக்கு இடம் இருக்காது.

உங்கள் விளையாட்டுச் சங்கத்து விழாவை நினைத்தால் இன்னும் குமட்டுகிறது. சக்கர நாற்காலிக்காரர்கள் போவதற்கென்று கட்டிய கழிப்பறையில் பெயின்ட் டப்பாக்களும் துடைப்பமும் கிடந்தன. சாவி யாரிடம் என்று கேட்டதற்குக் காவலாளி, "அது யாரு போறாங்க சார், அதான் சாமான் வெச்சிருக்கோம்" என்றான். அறுபது சக்கர நாற்காலிகள் அவன் கண் முன்னால் நின்றன.

பிறகு அந்தச் சிறப்பு விருந்தினர். போச்சியா என்றால் என்ன என்று மேடையிலேயே என்னிடம் கேட்டார். வெள்ளைப் பந்தை ஒட்டி நம் பந்து போய் நிற்க வேண்டும், யாருடையது கிட்டத்தில் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி, அவ்வளவுதான் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். நீ நெற்றியில் கட்டிய குச்சியால் தள்ளிவிட்ட பந்து சாய்வுப் பலகையில் இறங்கி ஓடி, வெள்ளைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அந்த மனிதர் என்ன செய்தார்? செருப்பு நுனியால் உன் பந்தை வெள்ளைப் பந்தோடு ஒட்டித் தள்ளிவிட்டு, "ஜெயிச்சுட்டான் பாருங்க!" என்று கை தட்டினார். மண்டபமே தட்டியது. உன் கன்னத்தைக் கிள்ளினார். உனக்கு முப்பத்திரண்டு வயது. கிள்ளிய கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். அடுத்தவன் ஆட்டத்தில் கால் வைக்க இவன் யார்?

உன் புதிய உதவியாளன் நெட்டையனைப் பற்றியும் எழுத வேண்டும். உன் தோளில் கிடந்த துண்டு ஈரமாக இருந்தது. பலகையை நகர்த்தும்போதும் அவன் வாயில் ஏதோ அரைபட்டுக்கொண்டே இருந்தது. நீ "ரெண்டு நூல் இடது" என்றால் அவன், "ரெண்டு நூல்னா எவ்ளோண்ணே?" என்கிறான். அரை அங்குலத்தில் நான்கில் ஒரு பங்கு ஒரு நூல் என்று தெரியாதவனிடமா பலகையைக் கொடுத்தாய்? என் முழங்காலைக் காரணம் காட்டி ஆறு மாதத்துக்கு முன்பு என்னை நிறுத்தினாய். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு முழங்கால் எதற்கு? பன்னிரண்டு வருடம் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி, உன் முகத்தை மட்டும் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். விதி அப்படி. உதவியாளன் திரும்பிப் பார்க்கக் கூடாது.

அணிக்கான தேர்வு ஆட்டம் மே மாதம் என்றார்கள். போன வருட இறுதியாட்ட வெற்றியால்தான் உனக்கு அந்த வாய்ப்பு. பெரிய மண்டபம் என்றால் இவனுக்குத் தனி வேகம் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்களே, அதை நினைத்துக்கொள்.

நான் அதிகம் பேசிவிட்டேனோ என்னவோ. அம்மா எட்டிப் பார்த்து, "அவன் என்ன போருக்கா போயிருக்கான்? மூணு மணி நேர பஸ்ஸு. புலம்பாம முடிங்க" என்கிறாள்.

உன் அப்பா

---

மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

குச்சியால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன். ஆகவே சுருக்கம்.

விழா உங்களுக்குத்தான் புதிது. எனக்கு அது வருடத்துக்கு நான்கு. கன்னம் மரத்துவிட்டது. செருப்பு புதிது, ஒத்துக்கொள்கிறேன். அன்று சோறு இறங்கவில்லை.

நெட்டையன் நாறுவான், தின்பான், தூங்குவான். ஆனால் நான் சொல்லும் இடத்தில் பலகையை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவான். முன்பு பார்சல் ஆபீசில் மூட்டை ஏற்றியவன். "எங்க வெக்கச் சொன்னாங்களோ அங்க வெச்சா என் வேலை முடிஞ்சுது. அப்புறம் அது உடைஞ்சா உங்க தலையெழுத்துண்ணே" என்கிறான்.

ஒரு உதவி. நம் ஆட்டங்களை எல்லாம் பந்து வாரியாக எழுதி வைத்தீர்களே, அந்த நீல நோட்டு வேண்டும். அனுப்புங்கள்.

அம்மாவிடம் இருமல் மருந்தை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் மகன்

---

மார்ச் 28

அன்புள்ள மகனுக்கு,

நோட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தாமதத்துக்கு மன்னித்துவிடு. அட்டை கிழிந்திருந்தது, ஒட்டினேன். பிறகு மழை. பிறகு தபால் நிலையம் மூடியிருந்தது. எழுதிப் பார்க்கும்போது எனக்கே எதுவும் நம்பும்படியாக இல்லை.

தேதி, மண்டபம், எத்தனையாவது பந்து, வெள்ளையிலிருந்து எவ்வளவு தூரம் எல்லாம் வரிசையாக இருக்கும். முப்பத்தொரு வருடம் கடைகடையாய்ப் போய்த் தராசுக்கு முத்திரை குத்தியவனுக்கு வேறு எப்படி எழுதத் தெரியும்? ஆபீசில் என்னைத் 'தராசு' என்றுதானே கூப்பிட்டார்கள். சில பக்கங்களில் மை கலைந்திருக்கும். அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. எதற்கு நோட்டு என்று நீ எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை.

போன வருட இறுதியாட்டத்தில் உன்னிடம் தோற்றாரே கணக்கு டீச்சர், அவர் இப்போது ஆடுகிறாரா? அவர் தங்கைதான் அவருக்குப் பலகை பிடிப்பாள். அந்தப் பெண் அன்று அழுதது சில நாளாக நினைவுக்கு வருகிறது.

இங்கே சாப்பாடு ஒன்றும் பிடிக்கவில்லை. "நாக்குக்கு என்ன கேடு வந்துச்சு?" என்கிறாள் அம்மா. சொல்லத் தெரியவில்லை. நோட்டைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பு.

உன் அப்பா

---

ஏப்ரல் 11

அப்பா,

கணக்கு டீச்சர் ஆடுவதில்லை. இறுதியாட்டத்துக்குப் பிறகு பலகையை விற்றுவிட்டார். கடைசிப் பந்தில் ஒரு விரல் அளவில் தோற்றவர்.

சுற்றி வளைக்க என் கழுத்தில் தெம்பில்லை. ஜனவரியில் ஒரு நாள் பெரிய மண்டபத்தில் பயிற்சி முடிந்ததும், நெட்டையன் என் நாற்காலியைப் பின்பக்கம் திருப்பி நிறுத்திவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனான். நீங்கள் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். சங்கத்தின் கோப்பை அலமாரி. கண்ணாடிக் கதவு. அதில் ஆடுகளம் முழுவதும் தெரிந்தது. வெள்ளைப் பந்து எங்கே, என் பந்து எங்கே, எல்லாம்.

அப்போதும் நம்பவில்லை. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை, முள் அசைகிறதா பார் என்று நீங்கள்தான் தராசைச் சோதிக்கச் சொல்லிக் கொடுத்தீர்கள். அப்படியே செய்தேன். உங்கள் நோட்டின்படி, நம் ஊர் மண்டபத்தில் பின்னால் வெறும் சுவர். அங்கே நீங்களும் நானும் ஆடியதில் நூற்றுக்கு இருபத்திரண்டு பந்துகள் வெள்ளைக்கு ஒரு சாணுக்குள். பெரிய மண்டபத்தில் கடைசி நான்கு வருடம் நீங்களும் நானும் ஆடியதில் நூற்றுக்கு நாற்பத்தொன்று. அதே மண்டபத்தில் நெட்டையனோடு இருபத்து மூன்று. அலமாரிமேல் போர்வையைப் போட்டு அவனோடே ஆடினேன், இருபத்திரண்டு.

மாறியது நீங்கள் மட்டும்.

பெரிய மண்டபத்தில் எனக்குத் தனி வேகம் வரும் என்று எழுதினீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நெட்டையன் வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்னண்ணே, கெட்டுப்போனதைத் தின்னீங்களா?" என்றான். ஆமாம் என்றேன். நான்கு வருடமாக.

அருவருப்பாக இருக்கிறது. இல்லை என்று எழுதுவதானால் எழுத வேண்டாம்.

மகன்

---

ஏப்ரல் 19

அன்புள்ள மகனுக்கு,

உண்மைதான்.

இந்த ஒரு சொல்லை எழுத ஐந்து நாள் ஆயிற்று. இனி வரிசையாகச் சொல்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்பு, அரையிறுதி. உன் தோளுக்கு மேலே அலமாரிக் கண்ணாடியில், இரண்டு கோப்பைகளுக்கு நடுவே வெள்ளைப் பந்து தெரிந்தது. கண்ணை மூடினேன். மூடினால் உன் கண் காட்டும் சைகை தெரியாது. திறந்தேன். நடுவரிடம் சொல்லியிருக்கலாம், ஒரு துணியைப் போட்டு மறைத்திருப்பார்கள். எழுந்து நின்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சம் என்று எழுதுவதே பொய்யோ என்று இப்போது தோன்றுகிறது.

நீ "நிறுத்து" என்றாய். பலகை ஒரு நூல் இடப்பக்கம் இருந்தது. பந்து தவறிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. குச்சியால் தள்ள நீ தலை குனிந்தாய் அல்லவா, அந்த நொடியில் பலகையின் காலைக் கட்டைவிரலால் அழுத்தினேன். ஒரு நூல் வலப்பக்கம். பந்து வெள்ளையைத் தொட்டுக்கொண்டு நின்றது. நீ சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு அந்தச் சிரிப்புக்காகச் செய்தேன். முதல் வருடம் மூன்று முறை. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். வாழ்க்கையில் எதையும் எண்ணாமல் விட்டவன் இல்லை நான். இறுதியாட்டத்தின் கடைசிப் பந்தும் என் விரல்தான். கணக்கு டீச்சர், "அடப்பாவி, ஒரு விரல்ல போச்சே!" என்று உன்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சொன்னது எந்த விரல் என்று மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

தராசுத் தட்டின் அடியில் மெழுகு ஒட்டி வைத்திருந்த கடைக்காரன் ஒருவனைப் பிடித்தபோது, "நீ சோறுதானே திங்கறே?" என்று கேட்டேன். நாலு பேர் முன்னால் கேட்டேன். எல்லோரிடமும் பயந்து பயந்து பேசும் நான் அன்று ஒருநாள்தான் குரலை உயர்த்தினேன். இப்போது தட்டில் சோறு விழும்போதெல்லாம் அவன் முகம் வருகிறது. அந்த விருந்தினர் செருப்பைக் கண்டு எனக்கு ஏன் அப்படிக் குமட்டியது என்பது அன்று பேருந்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

நோட்டை அனுப்புமுன் பெரிய மண்டபத்துப் பக்கங்களைக் கிழிக்க நினைத்தேன். ஸ்கேலை வைத்துக் கோடு கூடப் போட்டேன். கிழிக்கவில்லை. அது நேர்மையா, பயமா என்று எனக்குத் தெரியாது.

சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். நடந்தது எல்லாம் அதில் இருக்கிறது. உனக்குத் தெரியாமல் நடந்தது என்பதும் இருக்கிறது. முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி, உறையை மூடாமல் வைத்திருக்கிறேன். அது போனால் இறுதியாட்டத்தின் முடிவை ரத்து செய்வார்கள். மே மாதத் தேர்வு ஆட்டம் உனக்கு இல்லாமல் போகும். ஆகவே நீ படித்துப் பார். போடு என்றால் திருப்பி அனுப்பு, போடுகிறேன். வேண்டாம் என்றால் கிழித்துவிடு.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அன்று முதல் என் தட்டை மட்டும் தனியாகக் கழுவி, தனியாகக் கவிழ்த்து வைக்கிறாள்.

அப்பா

---

ஏப்ரல் 30

அப்பா,

படித்தேன்.

அந்த விருந்தினர் காலால் செய்தார், எல்லோரும் பார்க்கச் செய்தார். நீங்கள் விரலால், களத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செய்தீர்கள். இருவரும் நினைத்தது ஒன்றுதான். இவனால் ஆகாது, பாவம். அவர் நினைத்தால் எனக்குக் கன்னம் மரத்ததோடு சரி. நீங்கள் நினைத்ததுதான் தொண்டையில் நிற்கிறது. இருபத்திரண்டு என்னுடையது அப்பா. கெட்ட எண்ணிக்கை இல்லை அது. அதை வைத்துக்கொண்டு நான் தோற்றிருப்பேன், சில நாள் ஜெயித்திருப்பேன். அந்த ஜெயித்த நாட்கள் எவை என்று இனி எனக்கு எப்போதும் தெரியாது.

சங்கத்துக்குப் போக வேண்டிய கடிதத்தை என்னிடம் அனுப்பி, போடட்டுமா என்று கேட்கிறீர்கள். மறுபடியும் என் தலை குனியும் நேரத்துக்குக் காத்திருக்கிறீர்கள்.

கணக்கு டீச்சருக்கு நானே எழுதிவிட்டேன். பதில் வரவில்லை. வராமலும் போகலாம். மேயில் தேர்வு ஆட்டம் இருக்காது. அடுத்த வருடம் ஆரம்பச் சுற்றிலிருந்து ஆடுவேன். நெட்டையன்தான் பலகை. நீங்கள் வர வேண்டாம். அம்மா வரட்டும்.

நீல நோட்டைத் திருப்பித் தர மாட்டேன். கோடு போட்ட புது நோட்டு ஒன்று வாங்கி அம்மாவிடம் கொடுத்தனுப்புங்கள். அதில் எதுவும் எழுத வேண்டாம்.

சங்கத்துக்கான உங்கள் உறையை ஒட்டி, இன்று தெருமுனைத் தபால் பெட்டிக்குக் கொண்டுபோனோம். நெட்டையன் அதைப் பெட்டியின் வாயில் பாதி செருகிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். நான் குச்சியால் தள்ளினேன். இரண்டு முறை நழுவிக் கீழே விழுந்தது. தெருவில் போன ஒருவர், "தள்ளி விடேன்பா, பாவம்" என்றார். நெட்டையன் வாயில் அரைத்துக்கொண்டிருந்ததை விழுங்கிவிட்டு, "அவருக்குத் தெரியும், நீங்க போங்க" என்றான். உறையை எடுத்துத் தூசி தட்டி, அதே இடத்தில் செருகினான்.

மூன்றாவது முறை உள்ளே விழுந்தது.

மகன்