ஜெபப் புத்தகத்தின் தடிமன்

சால்ட்டோ, 6 அக்டோபர் 1974

அன்புள்ள லெயாந்த்ரோவுக்கு,

உன் பெட்டியைத் திறந்தபோது இருந்தவர்கள்: நான், நம் மகள் செலினா, கேமரா ரிப்பேர்க் கடை தோன் பசிலியோ. வேறு யாரும் இல்லை. பின்னால் பேச்சு வரக்கூடாது என்றே எழுதுகிறேன். நல்லதை உனக்கு அனுப்பவும் மற்றதை விற்கவும் சொன்னாயே, உன் இரண்டு இரட்டைக் கண் கேமராக்களிலும், ரோலைஃபிளெக்ஸிலும் ஜப்பான் கேமராவிலும், தலா ஒரு ஃபிலிம் போட்டுப் பார்த்தோம்.

ரோலைஃபிளெக்ஸில் ஃபிலிம் சுற்றும் கைப்பிடி ஜெபமாலை மணி நகர்வதுபோல் ஓசையின்றிச் சுழல்கிறது. "இத வித்தா ஜப்பான்காரன் மூணு வாங்கலாம், சென்யோரா," என்றார் பசிலியோ. "ஆனா படத்தப் பாத்து எது எதுன்னு யாராவது சொல்லிட்டா என் மீசைய எடுத்துடறேன்."

"எடுக்கறதுக்கு மீசை எங்க இருக்கு?" என்றாள் செலினா.

படங்கள் கழுவி வந்ததும் அவள் சொல்லிவிட்டாள். ஜப்பான் கேமராவில், கிட்டே போனால் எல்லாருக்கும் நெற்றி வெட்டுப்படுகிறது. பார்க்கும் கண் மேலே, படம் பிடிக்கும் கண் கீழே. ரோலைஃபிளெக்ஸ் அதைத் தானே சரிசெய்துகொள்கிறது.

ஆரஞ்சு பூத்து ஊரே கிறங்கிக் கிடக்கிறது. எப்போது வருகிறாய்?

பெனிக்னா

மொந்தெவிதேயோ, 19 அக்டோபர்

பெனிக்னா,

ரோலைஃபிளெக்ஸைப் பார்சலில் அனுப்பு. இங்கே ஸ்டுடியோவில் நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள். டிசம்பரில் வருவேனா தெரியாது. செலினாவின் முதல் நற்கருணைப் படத்தை வேறு யாரையாவது எடுக்கச் சொல்.

லெயாந்த்ரோ

சால்ட்டோ, 12 டிசம்பர்

அன்புள்ள லெயாந்த்ரோவுக்கு,

ஞாயிறன்று செலினாவுக்கு முதல் நற்கருணை. ஜப்பான் கேமராவில் நான்தான் படம் எடுத்தேன். முக்காலியில் வைத்துப் பார்த்துவிட்டு, அடியில் என் ஜெபப் புத்தகத்தைச் செருகினேன். கேமராவின் இரண்டு கண்களின் இடைவெளியும் அதன் தடிமனும் ஒன்று! கீழ்க்கண் மேற்கண் இருந்த உயரத்துக்கு ஏறிவிட்டது. நெற்றி, பூக்கிரீடம், எல்லாம் முழுசாக விழுந்திருக்கிறது, மாதாவுக்கு நன்றி. "எங்க புள்ளயையும் எடுடி, பெனிக்னா" என்று மற்றத் தாய்மார் வரிசை கட்டினார்கள். ஆகவே அதை விற்கவில்லை.

ரோலைஃபிளெக்ஸை இன்னும் பார்சல் கட்டவில்லை. நீ போன காலையில் அதைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். உன் முகம் பார்க்க மனமில்லாமல் குனிந்து அதன் மேலே காட்சி விழும் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் இடம் வலமாகத் தெரியுமே. நீ பஸ்ஸுக்காக இடப்பக்கம் நடந்தாய். கண்ணாடிக்குள் வலப்பக்கம் போனாய், தினமும் மாலையில் வீட்டுக்கு வருகிற திசையில். பஸ் கிளம்பும் சத்தம் கேட்டும் நான் நிமிரவில்லை. இப்போதும் சில மாலைகளில் அதைத் திறந்து வைத்துக் குனிந்திருக்கிறேன்.

பார்சல் கட்டட்டுமா, நீயே வந்து எடுத்துக்கொள்வாயா? சீக்கிரம் பதில் எழுது.

பெனிக்னா