அப்பா பிரித்த மூன்றாவது குவியல்

என் செல்ல அம்மாவுக்கு,

சுகம் விசாரிக்க முன்னமே சொல்லிவிடுகிறேன்: உங்கள் ஆள் என்னை விசராக்குகிறார், பைத்தியம் பிடிக்கவைக்கிறார்.

நீங்கள் கண்ணை மூடிய ஏழாம் மாதம் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. கால் தேறிவிட்டது, வெள்ளவத்தைச் சந்தை வரை நடக்கிறார். சொற்கள்தான் திரும்பி வரவில்லை. அஃபேசியா என்கிறார்கள். மிஞ்சியிருப்பது ஒரே ஒரு சொல், முப்பது வருடம் வேலை செய்த இடத்தின் பெயர்.

"அப்பா, தேத்தண்ணி போடவோ?"

"பம்பலப்பிட்டி."

"ஓமோ, இல்லையோ?"

"பம்பலப்பிட்டி!"

"உங்கட அப்பா பஸ் கொண்டக்டரா மாறிட்டார் தம்பி" என்று கீழ்வீட்டு மாமி சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா அடுத்த மாதம் டொராண்டோவிலிருந்து வருகிறார். "நீ விடிய வேலைக்குப் போனா இருட்டினாப் பிறகுதான் வாறாய். தன்ர மருந்துக் குளிசையைத் தானே எடுக்கத் தெரியாத மனிசனை எப்பிடித் தனிய விடுறது? ஒரு முதியோர் ஹோமில விடுவம்" என்கிறார். அவர் கேட்பதில் பிழையில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். காலைக் குளிசை எது, பகல் குளிசை எது என்று பிரித்தறிந்தால் அப்பா வீட்டில் இருப்பார். இல்லாவிட்டால் இல்லை.

நான் என் வழியில் தொடங்கினேன். சிவப்பு மூடிப் பெட்டி காலைக்கு, நீல மூடி பகலுக்கு. என் வேலையில் கணினிக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். அப்பாவுக்கு இருபது தரம் சொன்னேன். இரண்டையும் ஒன்றாகத் திறந்து விழுங்கப் பார்த்தார். கத்தினேன். ஓம் அம்மா, கத்தினேன்.

பேச்சுச் சிகிச்சைக்கு வரும் மிஸ் ஒரு கட்டு அட்டைகள் கொண்டுவந்தார். எந்தக் கடலிலும் இல்லாத கற்பனை மீன்கள், இரண்டு இனம். வால், செட்டை, புள்ளி எல்லாம் மாறி மாறி வரும், இதுதான் அடையாளம் என்று ஒன்றைச் சொல்ல முடியாது. அவர் விளக்கமே சொல்லவில்லை. சரியென்றால் தலையாட்டினார், பிழையென்றால் அட்டையை மற்றப் பக்கம் நகர்த்தினார். நாலாம் நாள், முன்பு காட்டாத மீன்களையும் அப்பா சரியாக வைத்தார். நானும் வைத்துப் பார்த்தேன், எனக்கு அதில் இரண்டு பிழை.

"எப்பிடித் தெரியுமெண்டு அவரால சொல்ல ஏலாதே, மிஸ்?"

"சொல்ல ஏலாது. ஆனாத் தெரியும். நிறத்தை மட்டும் தனியப் பிரிச்சு மனசில பிடிச்சிருக்கச் சொல் துணை வேணும், அது இவரிட்ட இல்லை. முழுசாப் பாத்து இனம் சேர்க்கிறது இருக்கு. நீங்க சொன்ன மூடியை விடுங்கோ, குளிசையைக் காட்டுங்கோ. வாயை மூடிக்கொண்டு காட்டுங்கோ."

உங்கள் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தேன், வீட்டில் குளிசை பதித்த மட்டைகள் எல்லாம் அதற்குள்தானே. காலை மட்டைகள் தேத்தண்ணிக் கப்புக்குப் பக்கத்தில், பகல் மட்டைகள் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில். வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது என்ன பாடென்று உங்களுக்குத் தெரியும்.

பழகிவிட்டார், இரண்டு மட்டைகளைத் தவிர. அவற்றை மேசையின் மறுபக்கம், நீங்கள் இருந்து சாப்பிடும் கதிரைக்கு நேரே தள்ளினார். நான் சோற்றுக் கோப்பைப் பக்கம் நகர்த்துவேன், அவர் இடக்கையால் திரும்பத் தள்ளுவார். ஒன்பது நாள். பார்மசியில் ஒரே மருந்தை வேறு கொம்பனிப் பெயரில் தருவது வழக்கம்தானே, இதுவும் அப்படி ஒரு பகல் குளிசை என்றே நினைத்திருந்தேன்.

பத்தாம் நாள் என் கையில் பட்டென்று அடித்தார்.

"அது பகல் குளிசை, அப்பா!"

"பம்பலப்பிட்டி!"

அவருக்குப் பிழையை நிரூபிக்கத்தான் மட்டையைத் திருப்பி டொக்டர் எழுதிய துண்டோடு ஒப்பிட்டேன். சீனி வருத்தத்துக் குளிசை. அப்பாவுக்கு எங்கே சீனி? அது உங்களுடையது, அம்மா.

மென்பொருளில் பிழை பிடிப்பது என் தொழில். பிழை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்தால் அது தடுமாற்றமில்லை, பின்னால் ஒரு விதி இருக்கிறது என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் படிப்பிக்கிறேன். இங்கே நான் இரண்டு இனம் வைத்தேன், அவர் மூன்று வைத்திருந்தார். இன்னும் இரண்டு நாளில் அதையும் அவரை விழுங்கவைத்திருப்பேன். அதற்கு என்மேல் யார் கத்துவது? நீங்களும் இல்லை.

நேற்று வீடியோவில் அக்காவுக்கு முன்னால் அப்பா பிரித்துக் காட்டினார். அக்கா, "ஹோமுக்கு ஒண்டும் சொல்லாதை. நான் வந்து கொஞ்ச நாள் அவரோட இருந்து பாக்கிறன்" என்றார்.

உங்கள் குளிசைகளை மட்டையிலிருந்து பிதுக்கி எறிந்துவிட்டேன், காலம் கடந்தவை. அப்பா டின்னுக்குள் கையைவிட்டுத் தேடிக்கொண்டே இருந்தார். வேறு வழியில்லை, வெறும் மட்டையைத் திரும்பப் போட்டேன். அதை எடுத்து உங்கள் கதிரைக்கு நேரே வைத்துவிட்டு, கத்தாமல், மெதுவாக "பம்பலப்பிட்டி" என்றார்.

இனிக் கத்தவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். இதை மட்டும் சொல்கிறேன்: அவர் பிழைவிட்டதாக எனக்குப் பட்டால், முதலில் மட்டையைத் திருப்பி வாசிப்பேன். பிறகுதான் வாயைத் திறப்பேன்.

நீங்கள் அவசரக்குடுக்கை என்று ஏசிய இளைய மகன்,
கஜன்