இரண்டு பேருக்கான அனுமதி

தன்னாமுனை
2025.05.18

அன்புள்ள அம்மாவுக்கு,

மதுஷா எழுதுகிறேன். நானும் மாமியும் சுகம். உங்கள் முதுகு நோவு குறைந்ததா? நீங்கள் வேலை செய்கிற வீட்டுக் கிழவி அம்மாவைக் குளிக்க வார்க்கும்போது தனியே தூக்காதீர்கள்.

போனில் ஏன் வாய் திறப்பதில்லை என்று போன ஞாயிறும் கேட்டீர்கள். மாமி ஸ்பீக்கரில் போட்டுவிடுவா. வீட்டில் நிற்கிறவர்கள் எல்லாரும் என் வாயையே பார்ப்பார்கள். பிறகு எனக்கு ஒரு சொல்லும் வராது. கடிதம் என்றால் அழித்து அழித்து எழுதலாம்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஏறாவூரில் பஹீமா ராத்தாவின் கடையில் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுக்கிறேன் அல்லவா? விசா அலுவலகம் நாள் குறித்து அனுப்பிய கடிதத்தையும் நான்தான் அங்கே அச்செடுத்தேன். ஒரு தாள் வந்தது. சர்மிளா அக்காவின் பெயர். ஜூன் 17, காலை ஒன்பது மணி. கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே அடுத்த தாள் வந்தது. அது எனக்கு, ஒன்பதே காலுக்கு.

ராத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் வாசித்தா. "என்ன புள்ள இது, உம்மா ரெண்டு பேருக்குமா போட்டிருக்கா?" என்று கேட்டா. நான் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அம்மா, அக்காவைத் தண்ணீர் கொண்டுபோய் இரண்டு வருடமும் நாலு மாதமும். அன்றைக்கு வெள்ளம் வடியட்டும் என்று முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டிருந்தார்கள். வாவி முழுக்கக் கடலுக்கு ஓடியது. ஆறு நாள் தேடியும் கிடைக்கவில்லை. உங்களுக்குத் தெரியாததை நான் எழுதவில்லை. ஆனாலும் யாராவது எழுத வேண்டும்.

அக்காவின் பெயரை எடுத்துவிடச் சொல்லி நீங்கள் ஒரு வரி எழுதினால் போதுமாம். இல்லாவிட்டால் என்னுடையதும் சேர்ந்து நின்றுவிடும் என்று ராத்தா சொல்கிறா. எனக்கு உங்களிடம் வர வேண்டும் அம்மா. வேறொன்றும் வேண்டாம்.

உங்கள் மகள்
மதுஷா


பலேர்மோ
2025.06.01

என் அன்பு மகள்மார் சர்மிளாவுக்கும் மதுஷாவுக்கும்,

அம்மாவின் முத்தங்கள். முதுகுக்கு ஒன்றுமில்லை.

பெயரை எடுக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன். ஆளைக் கண்டவர் யார்? உடுத்திருந்த துணியில் ஒரு துண்டாவது எடுத்தார்களா? ஒவ்வொரு ஞாயிறும் வெறுங்காலோடு இங்கே மலைக்கோயிலுக்கு ஏறுகிறேன். செத்தவளுக்காக யாரும் இப்படி ஏறுவதில்லை.

உங்களை இங்கே எடுக்க மூன்று வருடம் அலைந்து வாங்கிய அனுமதி இது. இரண்டு பிள்ளைகளுக்கும் என்று முத்திரை குத்தித் தந்திருக்கிறார்கள். ஆறு மாதம்தான் செல்லும். ஒக்டோபர் முடிவதற்குள் விசா விழாவிட்டால் மறுபடியும் முதலில் இருந்து. அதனால் சொன்ன நாளுக்குப் போ. இரண்டு பாஸ்போட்டையும் கொண்டு போ.

அன்றைக்கு நீங்கள் ஏன் தோணி எடுத்தீர்கள் என்று நீ இன்னும் எனக்குச் சொல்லவில்லை. வெள்ளம் பார்க்கப் போனதாக மாமி சொல்கிறா. வெள்ளம் பார்க்க யாராவது தோணியில் போவார்களா?

மலிவு விற்பனையில் இரண்டு குளிர்ச்சட்டை வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்று நீலம், ஒன்று கபிலம். உங்களுக்குள் சண்டை வேண்டாம்.

அம்மா


தன்னாமுனை
2025.06.20

அன்புள்ள அம்மாவுக்கு,

போய் வந்தோம். நடந்ததை மாமிக்கும் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில்.

ஜன்னலில் போய், "அக்கா இல்ல, நான் மட்டும்தான்" என்று சொல்லும்படி மாமி பஸ்ஸில் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தா. வெலிக்கந்தையில் இருந்து கொழும்பு வரைக்கும் அந்த நாலு சொல்லையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அங்கே ஏதோ ஒரு தாளுக்குப் பிரதி இல்லை என்று மாமியைக் கீழே அனுப்பிவிட்டார்கள். நான் தனியே கதிரையில் இருந்தேன்.

அப்போது ஒருத்தி உள்ளே இருந்து, அப்பாவின் பெயரையும் சேர்த்து, "நோபேட் சர்மிளா" என்று கூப்பிட்டாள்.

அம்மா, அந்தப் பெயரை யாரும் அப்படிக் கூப்பிட்டுக் கனகாலம். வீட்டில் எல்லாரும் 'அவள்' என்று மெதுவாகத்தான் சொல்வார்கள். இவள் சத்தமாக, அக்கா ஏதோ பக்கத்து அறையில் நிற்கிறாள் என்பது மாதிரிக் கூப்பிட்டாள். யாரும் எழும்பவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டாள். யாராவது எழும்ப வேண்டும்போல இருந்தது. இல்லை என்று சொல்லத்தான் ஜன்னலுக்குப் போனேன். "சர்மிளாவா?" என்று கேட்டாள். என் வாயில் "ஓம்" என்று வந்தது.

பத்து விரலையும் கண்ணாடியில் வைக்கச் சொன்னார்கள். என் கை ஈரமாக இருந்ததால் மூன்று தரம் துடைத்துத் துடைத்து வைத்தேன். காது தெரிய மயிரைப் பின்னால் இழுத்துவிட்டுப் படம் எடுத்தார்கள். திரையைப் பார்த்தேன். அங்கே இருந்தது அக்கா. அதே நெற்றி. பிடிக்காததைச் செய்யச் சொன்னால் வருகிற அதே முகம்.

பிறகு வெளியே வந்து கதிரையில் இருந்தேன். "நோபேட் மதுஷா" என்று மூன்று தரம் கூப்பிட்டார்கள். நான் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இன்று கடையில் கணினியில் பார்த்தேன். அக்காவின் பெயருக்கு எதிரே 'சமுகமளித்தார், முடிவுக்கு எதிர்பார்க்கும் காலம் தொண்ணூறு நாட்கள்' என்று இருக்கிறது. என் பெயருக்கு எதிரே 'சமுகமளிக்கவில்லை'.

என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? இதையெல்லாம் ராத்தாவிடம் சொல்லவில்லை. ஆனால் அவ தானாகவே ஒன்று கேட்டா. "உம்மாட்டப் போகத்தான் உங்களுக்கு விசா வேணும். உம்மா இஞ்ச வாறதுக்கு என்ன விசா?" அதை உங்களிடமே கேட்கிறேன்.

மதுஷா


பலேர்மோ
2025.07.06

என் அன்பு மகள்மார் சர்மிளாவுக்கும் மதுஷாவுக்கும்,

உன் கடிதத்தைக் கிழவி அம்மாவின் குசினியில் நின்று வாசித்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. சர்மிளா சமுகமளித்தார். அந்த வரியைத் தாளில் எழுதித் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

மகள், நீ ஒரு பிழையும் செய்யவில்லை. கூப்பிட்டார்கள், எழும்பினாய். இனி அதை மாற்றப் போகாதே. விசா அந்தப் பெயரில் விழட்டும். அந்தப் பாஸ்போட்டில் உள்ள முகத்துக்கும் உன் முகத்துக்கும் நானே வித்தியாசம் தேட வேண்டும். அவளாக விமானம் ஏறு. இங்கே இறங்கினால் நீ என் மதுஷா. இரண்டு பேரும் வந்த மாதிரி இருக்கும் எனக்கு.

ராத்தாவுக்கு இதைச் சொல். நான் எப்போது வேண்டுமென்றாலும் வரலாம். ஆனால் வந்தால் அது செத்த வீட்டுக்கு வந்ததாகிவிடும். அதற்கு நான் வர மாட்டேன்.

அம்மா


தன்னாமுனை
2025.07.27

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இருந்து வாசியுங்கள்.

சுனாமிக்குப் பிறகு நம் வீட்டுப் பத்திரங்களை எல்லாம் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் அக்காவின் ஞானத்தாயின் வீட்டுப் பெட்டியில் வைத்தீர்கள். கடல் அங்கே வராது என்று சொல்வீர்கள். அந்தத் தை மாதம் நீங்கள் போன் எடுத்து, பாஸ்போட்டும் பிறப்புச் சான்றிதழும் இரண்டு நாளுக்குள் வேண்டும், வக்கீல் கேட்கிறார், இன்றைக்கே எடுங்கள் என்று சொன்னீர்கள். பாதை முழுக்க வெள்ளம். அக்கா அப்பாவின் பழைய தோணியை அவிழ்த்தாள். நான் மாட்டேன் என்றேன். "அம்மா காத்துக்கொண்டிருப்பா, வா" என்றாள்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போதுதான் நீர் இழுத்தது. தோணி சரிந்தது. மீன் பிடிக்க நட்டிருந்த கம்பு ஒன்றை நான் பிடித்துவிட்டேன். அக்கா என்னிடம் இருந்து ஒரு முழத்தில். அவள் கையை நீட்டியிருந்தால் பிடித்திருப்பேன். அந்தக் கையில் பை இருந்தது. "பையப் பிடி, நனைய விடாத" என்றாள். பையை வாங்கினேன். மறுபடி பார்க்கும்போது தண்ணீர் மட்டும்தான்.

அம்மா, நீங்கள் கேட்டீர்கள், ஆளைக் கண்டவர் யார் என்று. நான் கண்டேன்.

பத்திரங்களை வெள்ளம் வடிந்த பிறகு மாமி போய் எடுத்து அனுப்பியதாக உங்களுக்குச் சொன்னோம். மாமிதான் அப்படிச் சொல்லச் சொன்னா. தூரத்தில் தனியே இருக்கிறீர்கள், உங்களால் தாங்க முடியாது என்று. நீங்கள் இந்த விண்ணப்பத்தோடு கொடுத்தவை அந்தப் பையில் இருந்த தாள்கள்தான். ஒரு மூலைகூட நனையவில்லை.

அவள் பெயரில் நான் வந்தால் எனக்கு இனி அந்தப் பெயர்தான். அப்புறம் மதுஷாவை எங்கே தேடுவீர்கள்? அன்றைக்கு வாவிக்குள் போனது நான் என்றுதான் எல்லாத் தாளிலும் ஆகும். சில நாள் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அதனால்தான் பயம்.

அக்காவின் சாவைப் பதிய வெள்ளிக்கிழமை மாமியோடு கிராம சேவகரிடம் போனேன். அவர் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னேன். என் சத்தம் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. எழுதியதை வாசித்துக் காட்டினார். 'கண்கண்ட சாட்சி' என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையொப்பம் வைத்தேன். அதன் பிரதியோடு, ஜூன் 17இல் வைத்த விரல்கள் என்னுடையவை என்று விசா அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதிப் போட்டுவிட்டேன்.

என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். பையை வாங்கியதற்கும் சேர்த்து.

மதுஷா


தன்னாமுனை
2025.10.19

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதுவதில் இது மூன்றாவது. ஞாயிற்றுக்கிழமையில் போனும் வருவதில்லை. மாமி போனைக் கோப்பைப் பலகையில் சாத்தி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பா.

விசா அலுவலகம் இரண்டு விண்ணப்பத்தையும் மூடிவிட்டதாகப் பதில் வந்தது. திட்டவில்லை. புதிய அனுமதி கிடைத்தால் என் பெயரில் திரும்ப விண்ணப்பிக்கலாமாம். இந்த அனுமதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இனி அதை எண்ணுவதில் பயன் இல்லை. ஆனாலும் எண்ணுகிறேன்.

கோபம் என்றால் கோபமாக ஒரு கடிதம் எழுதுங்கள். என் பெயரைக் கடித உறையில் எழுதினால் போதும். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

கல்லறைத் திருநாள் வருகிறது. அக்காவுக்குக் கல்லறை இல்லாததால் தோணி கட்டுகிற இடத்தில் மெழுகுதிரி வைப்பேன்.

மதுஷா


பலேர்மோ
2025.11.05

என் அன்பு மகள் மதுஷாவுக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. எழுத உட்காருவேன். முதல் வரியில் இரண்டு பெயர் எழுதுவதா, ஒன்றா என்று தெரியாமல் எழும்பிவிடுவேன். மூன்று மாதம் அப்படிப் போய்விட்டது.

இந்த ஊரில் கல்லறைத் திருநாளுக்குச் செத்தவர்கள் வந்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இனிப்பு வைத்துவிட்டுப் போவார்களாம். கிழவி அம்மா சீனியில் செய்த பொம்மை வாங்கி வரச் சொன்னா. உன் பிள்ளைகளுக்கு எத்தனை வேண்டும் என்று கேட்டா. ஆறு வருடமாகக் கேட்கிறா, நான் ஆறு வருடமாக இரண்டு என்று சொல்கிறேன். இந்த முறை வாய் வரவில்லை. நீ போனில் நிற்கிற மாதிரி நின்றேன். பிறகு, ஒன்று என்றேன். அவ என் கையைப் பிடித்துக்கொண்டா.

இன்றைக்கே எடுங்கள் என்று நான்தான் சொன்னேன். அது எனக்கு நினைவு இருந்தது மகள். இவ்வளவு நாளும் நினைவு இருந்தது. உன்னிடம் தோணியைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, வேறு ஏதாவது காரணம் சொல்வாயா என்று பார்த்திருந்தேன். பையை வாங்கியதற்கு நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். கேட்க வேண்டியவள் நான்.

புதிய அனுமதிக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகளின் விபரம் என்ற இடத்தில் உன் பெயர் மட்டும். எதிர்பார்க்கும் காலம் இரண்டு வருடம் என்கிறார்கள், கூடவும் ஆகலாம். அது வரைக்கும் நான் காத்திருக்கப் போவதில்லை. டிசம்பர் 13 விமானம் ஏறுகிறேன். எனக்கு ஒரு தூதரகத்திலும் நாள் குறிக்கத் தேவையில்லை. அவளுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும். சுவாமியாரிடம் பேசிவை. உன்னால் பேச முடியும். கிராம சேவகரிடம் பேசினாயே.

நீலச் சட்டையை உனக்குக் கொண்டு வருகிறேன். மற்றதைக் கிழவி அம்மாவின் பேத்திக்குக் கொடுத்துவிட்டேன்.

தன்னாமுனைச் சந்தியில் பஸ்ஸால் இறங்குவேன். நீ அங்கே நில். உன்னைக் கண்டதும் என் வாயில் அவள் பெயர் வந்தாலும் வரும். வந்தால், மகள், ஓம் என்று சொல்லாதே. நான் உன் பெயரைக் கூப்பிடும் வரைக்கும் நின்ற இடத்திலேயே நில்.

உன் அம்மா
மேர்சி